வெள்ளை பதினொன்று, சிவப்பு மூன்று

சோதனை முகாம், ராஜஸ்தான்
12-2-1969

மச்சான் தனசேகரா,

சௌக்கியம் விசாரிப்பதையெல்லாம் உன் தங்கை தேவகிக்கு எழுதிய கடிதத்திலேயே முடித்துவிட்டேன். இது உனக்கு மட்டும். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. இங்கே நடப்பதை வெளியே எழுதக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி ஒருவரும் இல்லை என்ற தைரியத்தில் தபாலில் போடுகிறேன்.

எட்டு வருடம் நீயும் நானும் ஒரே பட்டறையில் ஆர்மரர் வேலை பார்த்தோம். படையின் துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்துப் பூட்டிய அந்த எட்டு வருடமும் நம் இருவருக்கும் ஒரு சண்டை ஓயவில்லை. அது இப்போது தீரப்போகிறது. நாம் வாய் கிழியப் பேசிய அந்த இரண்டு மாதிரி ரைபிளும் புத்தம் புதிதாக வந்து என் மேஜைமேல் படுத்திருக்கின்றன. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். அதே தோட்டா, அதே இருபது தோட்டா மேகசின், அதே பிஸ்டன். பத்தடி தள்ளி வைத்தால் எனக்கே எது எது என்று தெரியாது. அதனால் கட்டையில் ஒன்றுக்குச் சிவப்புக் கோடும் இன்னொன்றுக்கு வெள்ளைக் கோடும் போட்டிருக்கிறார்கள்.

சிவப்பு உன் கட்சி. போல்ட்டைச் சுமந்து ஓடும் இரும்புக் கட்டையின் பக்கங்களில் மணல் ஒதுங்குவதற்கென்று காடி வெட்டியிருக்கிறது. கைப்பிடி மடங்கும். வெள்ளை என் கட்சி. காடி கிடையாது, வழவழவென்று கண்ணாடி மாதிரி ஓடுகிறது. மேகசின் ஒரு தட்டில் உட்காருகிறது. உன் சிவப்புக்கோ அதை முன்னால் மாட்டி, பின்னால் சாய்த்து, கெஞ்சிக் கூத்தாட வேண்டும். இன்னொரு வேடிக்கை கேள். வெள்ளையின் மேகசின் சிவப்புக்குள் தொளதொளவென்றாவது உட்காருகிறது. சிவப்பினுடையது வெள்ளைக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது.

வெள்ளையைச் சுடுவதற்கு யேசுதாஸைப் போட்டிருக்கிறேன். ஓரிக்கை அன்னம்மாளின் மகன்தான். உன்னோடு சாயப் பட்டறையில் பட்டு அலசுகிற அந்த அம்மாள் உன்னிடம் சொல்லி, நீ எனக்கு எழுதி, நான் கேப்டனிடம் சொல்லி, ஒருவழியாக நடந்தது. நல்ல கண். வீண் பேச்சுக் கிடையாது.

நீ அனுப்பிய கழிவுப் பட்டு நூல் வந்து சேர்ந்தது. இங்கே துடைக்கக் கொடுக்கிற துணி பஞ்சாக உதிர்கிறது. உன் பட்டைக் குச்சியில் சுற்றி, பிஸ்டன் ஓடுகிற குழாய்க்குள் விட்டால் மூலையில் இருக்கிற கரியெல்லாம் வழித்துக்கொண்டு வருகிறது. கொஞ்சம்தான் இருப்பதால் வெள்ளைக்கு மட்டும் போடுகிறேன். கொடுத்த துணியைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்று விதி. நான் யாரிடமும் சொல்லவில்லை.

பூவராகவன்

காஞ்சிபுரம்
27-2-1969

மாப்பிள்ளை,

உன் வெள்ளைக்காரியின் அழகைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவன் மாதிரி இருக்கிறது. தேவகியிடம் காட்டட்டுமா?

வழவழவென்று ஓடுகிறதாம். எங்கே ஓடுகிறது? உன் மேஜைமேல் ஓடுகிறது. மேஜைமேல் என் பாட்டன் காலத்துத் துப்பாக்கியும் ஓடும். வழவழப்பு என்றால் என்ன? இரும்பும் இரும்பும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். நடுவில் ஒரு சிட்டிகை மணல் விழுந்தால் அது போவதற்கு இடம் வேண்டாமா? காடி வெட்டினவன் முட்டாள் இல்லை. மணலில் படுத்துப் பார்த்தவன்.

நான் படுத்துப் பார்த்தேன். அறுபத்தைந்தில் என் கையில் இருந்ததற்குக் காடி இல்லை. மூன்றாவது தோட்டாவில் பாதி வழியில் நின்றுவிட்டது. குனிந்து அதை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் குண்டு விழுந்தது. இந்தப் பேனாவைப் பிடிக்க நான் துணி சுற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வலது கையில் இரண்டு விரல் இல்லாதவனோடு வழவழப்பைப் பற்றிப் பேசாதே.

மேகசின் விஷயத்தில் மட்டும் உனக்குத் தலை வணங்குகிறேன். சிவப்பின் மேகசின் இருட்டில் மாட்டுவதற்குச் சனியன்தான். ஆனால் முன்பக்கம் அந்தத் தடித்த மூக்கு இருக்கிறதே, அது தேயாது. உன்னுடையது தகட்டைக் குத்தி எழுப்பிய மொட்டு. இரண்டு வருடம் கழித்துப் பார்.

அன்னம்மாள் இப்போது பட்டறையில் தரையில் நடப்பதில்லை. கொதிக்கிற அண்டாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "எம் புள்ள சுட்டுப் பாத்து சொன்னாத்தான் கவர்மெண்டே அந்தத் துப்பாக்கிய வாங்கும், தெரியுமாபா?" என்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால் அவன் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். ஒரே கடிதத்தை மூன்று தரம் கேட்கிறாள். அவனைப் பார்த்துக்கொள்.

தனசேகரன்

சோதனை முகாம்
16-3-1969

மச்சான்,

நீ ஜெயித்துவிட்டாய். நன்றாகச் சிரித்துக்கொள்.

பத்தாம் தேதி மணல் சோதனை. இரண்டையும் மணல் பெட்டியில் போட்டு உருட்டி, வெளியே எடுத்து, வாயால் ஊத மட்டும் அனுமதி கொடுத்து, ஆளுக்கு இருநூறு தோட்டா சுடச் சொன்னார்கள். சிவப்பு மூன்று தரம் நின்றது. வெள்ளை பதினொரு தரம். கடைசி ஐந்தும் வரிசையாக. காலித் தோட்டாவை வெளியே தள்ளுவதற்குக்கூட அதற்குத் தெம்பில்லை. பிஸ்டன் போய்த் திரும்பும் சத்தமே நோயாளி இருமுவது போல இருந்தது. காடி இல்லாததற்கு மூன்று நான்கு கூடுதலாக நிற்கும் என்று நானே எதிர்பார்த்தேன். பதினொன்று என்பது என்ன கணக்கு?

கேப்டனுக்கும் அது பொறுக்கவில்லை. துப்பாக்கியின் குறையா, ஆளின் குறையா என்று விசாரணை வைத்தார். யேசுதாஸ் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். முப்பதாவது தோட்டாவிலிருந்து துப்பாக்கியில் முடி கருகுகிற நாற்றம் வந்ததாம். கேப்டன் சிரித்தார். உன் மீசையா கருகியது என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, நீ ஆறடி பின்னால்தானே நின்றாய், உனக்கு அடித்ததா என்றார். இல்லை என்றேன்.

சுத்தம் செய்தது யார் என்று கேட்டார். அவரவர் துப்பாக்கிக்கு அவரவர் பொறுப்பு என்று சொன்னேன். விதியில் இருப்பதும் அதுதான். யேசுதாஸ் என்னைப் பார்த்தான். சோதனைத் துப்பாக்கியை அசட்டையாக வைத்துக் கெடுத்தான் என்று அவன்மேல் குற்றம் எழுதிக் காவலில் வைத்திருக்கிறார்கள்.

அன்னம்மாளிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

பூவராகவன்

காஞ்சிபுரம்
30-3-1969

மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. பங்குனி உத்திரக் கூட்டத்தில் பட்டறையில் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. நீளமாக எழுத நேரமில்லை.

பதினொன்றோ ஐந்தோ, காடி இல்லாதது நிற்கத்தான் செய்யும். நான் சொன்னது சரியாகப் போயிற்று. அதற்குமேல் தோண்டி என்ன ஆகப்போகிறது? நல்ல துப்பாக்கி எது என்று தெரிந்துவிட்டது. நாளைக்கு மணலில் படுக்கப்போகிற பையன்கள் பிழைப்பார்கள். யேசுதாஸுக்கு லேசான தண்டனையோடு முடிகிற மாதிரி பார்.

அந்த முடி கருகிய பேச்சை விட்டுவிடு. வெயிலில் படுத்திருந்தவனுக்கு ஆயிரம் நாற்றம் அடிக்கும்.

நான் அனுப்பிய பட்டு நூல் மிச்சமிருந்தால் எரித்துவிடு. பூச்சி பிடித்தது என்று இங்கே பேச்சு.

தனசேகரன்

சோதனை முகாம்
20-4-1969

மச்சான்,

நீ சொன்னபடி பட்டை எரித்துவிட்டேன்.

யேசுதாஸுக்குத் தீர்ப்பாகிவிட்டது. இருபத்தெட்டு நாள் காவல், அது கழிந்துவிட்டது. அதன்பிறகு படைக்கு லாயக்கில்லாதவன் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவது. மேலிடத்திலிருந்து உத்தரவு வர ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை சமையல் கொட்டகையில் வேலை. அப்படி எழுதி அனுப்பினால் போலீஸிலும் எடுக்க மாட்டார்கள், ரயில்வேயிலும் எடுக்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும்.

வெள்ளையைப் பற்றிய அறிக்கை ஜூன் கடைசியில் டில்லிக்குப் போகிறது. மணலுக்கு ஆகாது என்று ஒரே வரி. அதைப் பிரித்து, அளந்து, படம் போட்டு நான் எழுதிய நாற்பது பக்கத்தையும் கேப்டன் மெச்சினார். நாயப் சுபேதார் பதவிக்கு என் பெயரை எழுதியிருக்கிறாராம். வந்தால் குடும்பத்தோடு இருக்க வீடு கொடுப்பார்கள். தேவகி செவிலிமேட்டில் ஐந்து வருடமாகத் தனியாகக் குழந்தைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறாள். அவளிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருப்பாள்.

நேற்று சாப்பாட்டு வரிசையில் யேசுதாஸைப் பார்த்தேன். எனக்குக் கஞ்சி ஊற்றினான். "போதுமா ஹவில்தார்?" என்று கேட்டான்.

பூவராகவன்

காஞ்சிபுரம்
9-5-1969

பூவராகவா,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அன்னம்மாள் மகனின் கடிதத்தைக் கொண்டுவந்தாள். அவனே எழுதிவிட்டான், எல்லாவற்றையும். அண்டாவில் பட்டு வெந்துகொண்டிருந்தது. சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, பட்டின்மேல் இருக்கிற பசையை எடுக்கிற நேரம். அவள் கழியால் நூலைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். நான் படித்துக்கொண்டே போனேன். காவலில் இருந்தது, வேலை போகப்போவது, எதற்கும் அவள் கை நிற்கவில்லை. 'முடி கருகுகிற நாற்றம் வந்தது அம்மா, நான் சொன்னதை யாரும் நம்பவில்லை' என்ற இடம் வந்தது. கழி நின்றது.

"திரும்பப் படி" என்றாள். படித்தேன்.

"முடி கருகற நாத்தம்னா அது பட்டுப்பா" என்றாள். "இந்த ஊர்ல கொயந்தைக்குக்கூட தெரியும். பொடவை வாங்க வரவங்க ஒரு நூல உருவிக் கொளுத்திப் பாக்கறாங்களே, எதுக்கு? முடி மாதிரி நாறினா பட்டு. துப்பாக்கில ஏதுப்பா பட்டு? அங்க யாரு கொண்டாந்து போட்டாங்க?"

என்னைத்தான் கேட்டாள். வேறு யாரைக் கேட்பாள், நான்தானே அவளுக்குத் துப்பாக்கி தெரிந்தவன். தெரியலையேமா என்று சொன்னேன். அவள் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் நூலைத் திருப்ப ஆரம்பித்தாள்.

எனக்குத் தெரியும். மார்ச்சில் உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்த நிமிஷமே தெரியும். அது மட்டுமில்லை. நீ மென்மையான, வெந்த பட்டுதான் கேட்டிருந்தாய். நான் அனுப்பியது வேகாதது, பசை போகாதது. முரடாக இருந்தால் கரியை நன்றாகச் சுரண்டும் என்று நானாகவே முடிவு செய்து அனுப்பினேன், உனக்குச் சொல்லவில்லை. அந்த இழை உதிர்ந்து குழாய்க்குள் தங்கியிருக்கும். முப்பது தோட்டா சுட்டால் குழாய் தொட முடியாதபடி காயும். பசை இளகியிருக்கும், எண்ணெயும் மணலும் அதில் ஒட்டியிருக்கும், இழை கருகியிருக்கும். பிஸ்டன் எப்படி ஓடும்? உன் பதினொன்றில் பாதிக்குமேல் என் பட்டு செய்த வேலை.

தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று கேள். பட்டை எரிக்கச் சொன்னேனே, பூச்சி என்று, அது ஏன் என்று கேள். சிவப்பு ஜெயிக்க வேண்டும் என்ற வெறி. என் விரல் போனது வீணில்லை, நான் சொன்னதே சரி என்று ஒரு காகிதத்திலாவது எழுதப்பட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு ஓர் ஏழை அம்மாளின் மகனைப் பலி கொடுத்தேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

கேப்டனிடம் போய்ச் சொல். நான் அனுப்பினேன் என்றும் சொல்.

தனசேகரன்

சோதனை முகாம்
21-5-1969

தனசேகரனுக்கு,

நீ ரொம்ப நல்லவன். உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு, அழுது ஒரு கடிதம் எழுதி, உன் பாவத்தை என் தலையில் இறக்கிவிட்டாய். உனக்கு என்ன போகும்? பட்டறையில் உன்னை யார் என்ன செய்ய முடியும்? எனக்குச் சட்டைக் கையிலுள்ள பட்டை போகும், பதவி போகும். விதியை மீறி வெளிச் சாமானைச் சோதனைத் துப்பாக்கியில் போட்டதற்கு ஒரு குற்றம், விசாரணையில் மறைத்ததற்கு ஒரு குற்றம், சோதனையைப் பற்றி உனக்கு எழுதியதற்கு இன்னொரு குற்றம். ஜெயிலுக்கே அனுப்புவார்கள்.

வெந்த பட்டைக் கேட்டவனுக்கு வேகாததை அனுப்பினாய். அதைச் சொல்லாமல் மறைத்தாய். தெரிந்ததும் என் கையாலேயே எரிக்க வைத்தாய். இப்போது என்னிடம் காட்டுவதற்கு ஓர் இழைகூட இல்லை. கேப்டனிடம் போய், சார், முடி நாற்றம் என்றால் பட்டு என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று சொல்லட்டுமா? அன்றைக்கு அவனைப் பார்த்துச் சிரித்தவர் இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

உன் தங்கையை நினைத்தாயா? வீடு கிடைக்கப்போகிறது என்று பெட்டி வாங்கி வைத்திருக்கிறாளாம். பெரியவனுக்கு இந்தி சொல்லிக்கொடுக்கிறாளாம்.

யேசுதாஸுக்கு வயது இருபத்தொன்று. அவனுக்கு ஏதாவது வழி பிறக்கும். எனக்கு முப்பத்தாறு.

என் கடிதங்களை எரித்துவிடு. இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

பூவராகவன்

காஞ்சிபுரம்
4-6-1969

பூவராகவா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

அன்னம்மாளிடம் சொல்லிவிட்டேன். கருடசேவைக்குப் பட்டறை மூடியிருந்த அன்று ஓரிக்கைக்கு நடந்து போய், அவள் வீட்டு வாசலில் நின்று, பட்டு அனுப்பியது நான், மறைத்ததும் நான் என்று சொன்னேன். மண்ணை வாரித் தூற்றுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வெயில்ல வந்துக்கினு இருக்கியே, குடிபா" என்றாள். நான் குடித்து முடிக்கிறவரை நின்றிருந்தாள். பிறகு, "எம் புள்ள பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எனக்குக் கடிதம் கொண்டுவருவதில்லை. சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியாரிடம் போய்ப் படிக்கச் சொல்கிறாள். அண்டாவின் அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், இந்தப் பக்கம் நான். ஒரு கழியின் இரண்டு முனையைப் பிடித்து நூலைப் பிழிகிறோம்.

தேவகியை நினைத்தாயா என்று கேட்டாய். அவள் எனக்குத் தங்கை, இரவும் பகலும் அவளைத்தான் நினைக்கிறேன். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அது உன் வேலை.

காட்டுவதற்கு இழை இல்லை என்றாய். அதே மூட்டையில் எடுத்த வேகாத பட்டு இந்தப் பார்சலில் இருக்கிறது. கொஞ்சம் வெந்ததும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். நான் அனுப்பியதும் நீ கேட்டதும் என்ன என்று என் கையெழுத்தும் ஒரு சாட்சியின் கையெழுத்தும் போட்டு ஒரு வாக்குமூலமும் இருக்கிறது. இங்கே பட்டாளத்தில் கணக்கராக இருந்து வந்த ஒருவரைக் கொண்டு இங்கிலீஷில் எழுதினேன். வெள்ளையின் குழாயில் இந்த நூலைப் போட்டுத் துடைத்து, முப்பது தோட்டா சுடச் சொல். கேப்டனுக்கு மூக்கு இருந்தால் போதும்.

உன் கடிதங்களை நான் கிழிக்கவில்லை, எரிக்கவும் இல்லை. இருபத்தைந்தாம் தேதிவரை காத்திருப்பேன். உன்னிடமிருந்து எதுவும் வராவிட்டால், அவற்றை எடுத்துக்கொண்டு ரயிலேறி நானே அங்கே வருவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொள். மிரட்டத்தான் செய்கிறேன்.

தனசேகரன்

சோதனை முகாம்
22-6-1969

மச்சான்,

ரயிலேற வேண்டாம். பதினாறாம் தேதி போய்ச் சொல்லிவிட்டேன்.

கேப்டன் முதலில் நம்பவில்லை. நான் உன் பார்சலைப் பிரித்து, அவர் மேஜைமேல் ஓர் இழையை வைத்து நெருப்புக் குச்சி கிழித்தேன். மூக்கைச் சுருக்கினார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகம் மாறியது. மறுநாளே மறுசோதனை வைத்தார். முதலில் வெள்ளையின் குழாயை உன் வேகாத பட்டால் துடைத்து மணலில் உருட்டிச் சுட்டார்கள். பத்துத் தரம் நின்றது. பிறகு முழுக்கக் கழுவி, கொடுத்த துணியால் துடைத்து, மறுபடியும் மணலில் உருட்டி இருநூறு. நான்கு தரம் நின்றது. சிவப்பு இந்தத் தரமும் மூன்றுதான்.

நான்குக்கு மூன்று. உன் சிவப்பு ஒன்றில் ஜெயிக்கிறது. காடிக்கு அந்த ஒன்று சேர வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். மேகசினில் வெள்ளைதான் உசத்தி என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து அறிக்கை போகிறது. இதைப் படித்து உனக்கு சந்தோஷம் வருகிறதா என்று தெரியவில்லை. எனக்கு எதுவும் வரவில்லை.

இப்போது நான் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கேப்டனிடம் சொல்லியாகிவிட்டது. உன்னிடம்தான் பாக்கி.

மறுசோதனையை யேசுதாஸே சுட வேண்டும் என்று அவனைச் சமையல் கொட்டகையிலிருந்து வரவழைத்தார்கள். கையில் மாவோடு வந்தான். முப்பத்தைந்தாவது தோட்டாவில் அந்த நாற்றம் வந்தது. கேப்டன் அவனைப் பார்த்து, அன்றைக்கு அடித்தது இதுதானா என்று கேட்டார். அவன் கேப்டனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "ஹவில்தாருக்குத் தெரியும் சார்" என்றான்.

தெரியும், மச்சான். மார்ச் பத்தாம் தேதியே தெரியும். ஆறடி பின்னால் நின்ற எனக்கு அந்த நாற்றம் அடித்தது. காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? அடுத்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளை என் கட்சி என்று உனக்கு எழுதினேன். அது என் கண்ணுக்கு முன்னால் அநியாயமாகத் தோற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை சார், எனக்கு அடிக்கவில்லை என்று சொன்னேன். அதை உனக்கு எழுதியபோது, நீயாவது கண்டுபிடித்துக் கேட்டுவிடுவாய் என்று மனசின் ஓரத்தில் ஓர் ஆசை இருந்தது. எரித்துவிடு என்று நீ எழுதியதும் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வேன். உன் பெயரைச் சொல்லிக்கொண்டு எரித்தேன். போன மாதம் உன்னைத் திட்டி எழுதினேனே, ஒன்றும் தெரியாதவன் மாதிரி, அது அத்தனையும் நடிப்பு. நீ ஆறு வாரம் மறைத்தாய் என்று அழுதாய். நான் மூன்று மாதம் மறைத்தேன்.

சுட்டு முடித்தபிறகு யேசுதாஸிடம் தனியாகப் போனேன். தெரிந்திருந்தால் அன்றைக்கே ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நீங்க மூக்க மூடிக்கினத நான் பாத்தேன் ஹவில்தார். நம்ம ஊர்க்காரரு, நீங்கதான் என்ன இங்க கொண்டாந்து சேத்தீங்க. நான் சொன்னா காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லிடுவீங்கன்னு காத்துக்கினு இருந்தேன்."

தினமும் எனக்குக் கஞ்சி ஊற்றும்போது அவன் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். போதுமா ஹவில்தார் என்று கேட்டானே, நான் சாப்பாட்டைக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

அவன்மேல் இருந்த குற்றம் ரத்தாகிவிட்டது. வெளியே அனுப்புகிற உத்தரவையும் திருப்பி வாங்கியாகிவிட்டது. அவன் சொன்னது உண்மை என்று கேப்டன் எழுதிக் கையெழுத்துப் போட்டு, எல்லோரையும் நிறுத்திவைத்துப் படித்துக்காட்டினார். அதன் நகல் ஒன்றை யேசுதாஸ் கேட்டு வாங்கி அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். எனக்கு இரண்டு பட்டை போய்விட்டது. பதவி, வீடு எல்லாம் போயிற்று. ஜெயில் இல்லை, அது கேப்டனின் கருணை. தேவகிக்கு இன்று காலை எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

ஆகஸ்டில் பத்து நாள் விடுப்பு. ஓரிக்கைக்குத்தான் முதலில் போவேன். அன்னம்மாளிடம் நீ ஒன்றும் சொல்லிவைக்காதே.

பூவராகவன்